ஏற்காட்டில் கேட்ட கடல்

முதல் நாள், வியாழன் இரவு

சேலத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கடல் என்பது கோடை விடுமுறையில் போய்ப் பார்த்துவிட்டுப் பாவாடை மடிப்பில் மணலோடு திரும்பி வரும் இடம்; அதற்கு மேல் அதனோடு எங்களுக்கு உறவு இருந்ததில்லை. எங்கள் குடும்பத்தில் அதற்கு விலக்காக ஒருவர் இருந்தார். அம்மாவின் தம்பி, 34 ஆண்டுகள் சரக்குக் கப்பல்களின் எஞ்சின் ரூமில் வேலை பார்த்து, சீஃப் எஞ்சினியராக ஓய்வு பெற்று, அதன்பின் கடற்கரை இருக்கும் திசைக்கே போகாமல் ஏற்காட்டில் காப்பிச் செடிகளுக்கு நடுவே வீடு கட்டிக்கொண்டவர். இப்போது இரண்டாவது ஆள் கிளம்புகிறான். அக்காவின் மகன் மரைன் எஞ்சினியரிங் முடித்துவிட்டு, முதல் கப்பலில் ஏறுவதற்கான உத்தரவைக் கையில் வைத்திருக்கிறான். அக்கா மூன்று வாரமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை.

"மாமா சொன்னா கேப்பான். எப்படியாவது மனச மாத்தச் சொல்லு" என்று தட்டுவடைப் பொட்டலத்தையும் பையனையும் என்னிடம் ஒப்படைத்து அனுப்பினாள். நான்கு நாள் பயணம் இப்படித்தான் தொடங்கியது. பையனை மனம் மாற்றுவதில் எனக்கு ஆர்வம் இல்லை. மலை போன்ற அலைகளைக் கண்ணால் கண்ட மனிதரிடம் அந்தக் கதைகளைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும் என்ற ஆசைதான் இருந்தது.

அஸ்தம்பட்டியைத் தாண்டி, கொண்டப்பநாயக்கன்பட்டி கடந்து, அடிவாரச் சோதனைச் சாவடியில் பேருந்து நின்று கிளம்பும்போது தூறல் தொடங்கிவிட்டது. 2024 டிசம்பர்த் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மழையில் சரிந்த இடங்களில் புதுத் தடுப்புச் சுவர்கள் தெரிந்தன. 20 கொண்டை ஊசி வளைவுகளில் 14-ஆவதில் எங்கள் எதிர்காலக் கடலோடி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினான். கடலில் ஆறு மாதம் இருக்கப்போகிறவன் மலையில் முக்கால் மணி நேரம் தாங்கவில்லை என்பதை அக்காவிடம் சொல்ல வேண்டாம் என்று என் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டான். ஆகவே இங்கே எழுதிவிடுகிறேன்.

மாமா இதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனுக்கே வாழ்நாள் முழுவதும் கடல் நோய் இருந்தது என்றார். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ஒன்று சொல்ல, கண் வேறொன்று சொல்ல, இரண்டுக்கும் நடுவில் மூளை தவிப்பதுதான் குமட்டல். பேருந்தில் சாலையைப் பார்க்கலாம், தளத்தில் நிற்பவன் தொடுவானத்தைப் பார்க்கலாம், ஆனால் எஞ்சின் ரூமில் ஜன்னலே கிடையாது, அங்கே பார்ப்பதற்கு இருப்பதெல்லாம் மீட்டர்கள்தான், வாளியை இடுப்பில் கட்டிக்கொண்டு வேலை செய்தவர்களைத் தெரியும் என்றார்.

சாப்பிட்டு முடித்ததும் நான் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, "மாமா, நீங்க பாத்ததிலயே பெரிய அலை எவ்வளவு உயரம்?" என்று கேட்டேன். அவர் அதற்குப் பதில் சொல்லாமல் பையனைப் பார்த்து, "தம்பி, பின்னாடி சம்ப் மூடியைத் திறந்து தண்ணி எவ்வளவு இருக்குன்னு பாத்துட்டு வா. சுவத்துல குச்சி மாட்டியிருக்கு. பக்கத்துல நோட்டு இருக்கு, எழுது" என்றார். மழையில் நனைந்துகொண்டு போய்ப் பார்த்து வந்து, "பாதிக்கு மேல இருக்கு தாத்தா" என்றான். "பாதின்னா எத்தனை சென்டிமீட்டர்?" மறுபடியும் போனான். 112. தினமும் காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் இங்கே இருக்கும்வரை அது அவன் வேலை என்று உத்தரவாயிற்று.

இரண்டாம் நாள், வெள்ளி

மூடுபனி. வீட்டு வாசலிலிருந்து பத்தடி தள்ளி நிற்கும் சில்வர் ஓக் மரமும் அதில் ஏறியிருக்கும் மிளகுக் கொடியும் தெரியவில்லை. வெளியே போக வழியில்லாததால் நாள் முழுவதும் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். அத்தை காப்பி போட்டுத் தந்துகொண்டே இருந்தார்.

பெரிய அலை எவ்வளவு உயரம் என்ற கேள்விக்கு இன்று பதில் கிடைத்தது, ஆனால் நான் எதிர்பார்த்த விதத்தில் இல்லை. 1995 ஜனவரி 1 அன்று நார்வேக்கு அப்பால் வடகடலில் ட்ராப்னர் என்னும் எரிவாயு மேடையில் பொருத்தியிருந்த லேசர் கருவி 25.6 மீட்டர் உயரமுள்ள ஓர் அலையைப் பதிவு செய்தது. அப்போது அந்தக் கடலில் பெரிய அலைகளின் சராசரி உயரமே ஏறத்தாழ 12 மீட்டர்தான். அதுவரை இப்படித் தனியாக எழும் பேரலையைப் பற்றி மாலுமிகள் சொன்னதையெல்லாம் கரையில் இருந்தவர்கள் பெரும்பாலும் கதை என்றே எண்ணியிருந்தார்கள். "என்னைக் கேக்காத. நான் ஒரு அலையைக்கூட ஒழுங்காப் பாத்ததில்ல. புயல் அடிக்கும்போது நான் தண்ணி மட்டத்துக்குக் கீழ இருப்பேன்" என்றார் மாமா.

எனக்கு ஏமாற்றம்தான். ஆனால் அதன்பின் அவர் சொன்னதை இங்கே முழுமையாக எழுத வேண்டும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அவர் செகண்ட் எஞ்சினியராக இருந்த கப்பல் தென்னாப்பிரிக்காவின் ரிச்சர்ட்ஸ் பே துறைமுகத்தில் நிலக்கரி ஏற்றிக்கொண்டு ஐரோப்பாவுக்குப் புறப்பட்டது. அந்தக் கரையை ஒட்டித் தென்மேற்காக அகுல்யாஸ் என்னும் நீரோட்டம் ஓடுகிறது. சில இடங்களில் அதன் வேகம் நான்கு, ஐந்து நாட் வரை (ஒரு நாட் என்பது மணிக்கு ஏறத்தாழ 1.85 கிலோமீட்டர்) இருப்பதால், தெற்கே போகும் கப்பல்கள் அதில் ஏறிக்கொண்டு எரிபொருளை மிச்சப்படுத்தும். அண்டார்டிகாவைச் சுற்றும் பெருங்கடலில் பிறந்த நீண்ட அலைகள் தென்மேற்கிலிருந்து அதே நீரோட்டத்துக்கு எதிராக வந்து மோதும்போதுதான் வம்பு தொடங்குகிறது. எதிர்நீரோட்டத்தில் அலைகளின் நீளம் சுருங்கி, உயரம் கூடி, முகம் செங்குத்தாகிறது. அலைக்கு முன்னால் ஒரு பள்ளம் விழுகிறது. கப்பலின் மூக்கு அதற்குள் இறங்கி நிமிர்வதற்குள் அடுத்த அலை மேலே விழுகிறது. 1909-இல் வராட்டா என்னும் பயணிகள் கப்பல் 211 பேரோடு காணாமல் போனது இந்தக் கரைக்கு அப்பால்தான். இன்றுவரை அதன் சிதைவு கிடைக்கவில்லை. காற்று வடகிழக்கிலிருந்து தென்மேற்குக்கு மாறும் அறிகுறி தெரிந்தால், ஓட்டத்தை விட்டுவிட்டு 200 மீட்டர் ஆழக் கோட்டுக்கு உள்ளே, கரைப்பக்கமாக ஒதுங்கிவிட வேண்டும் என்பது அங்கே போகும் கப்பல்களுக்குச் சொல்லப்படும் அறிவுரை.

மாமாவின் கப்பல் சற்றுத் தாமதமாக ஒதுங்கியது. காற்று, அதன் வேகத்தைக் குறிக்கும் பியூஃபோர்ட் அளவில் 10, அதாவது மணிக்கு 89 முதல் 102 கிலோமீட்டர். மூக்கு பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் பின்புறம் மேலெழுந்து, சுழல்விசிறி பாதி தண்ணீருக்கு வெளியே வந்துவிடும். தள்ளுவதற்குத் தண்ணீர் இல்லாததால் எஞ்சின் திடீரென்று அலறிக்கொண்டு வேகமெடுக்கும். எஞ்சினின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் என்னும் கருவி உடனே எரிபொருளைக் குறைக்கும். அடுத்த நொடி விசிறி மறுபடியும் தண்ணீரில் முழுகி, பாரம் முழுவதும் எஞ்சின் மேல் விழும். வேகம் எல்லை மீறினால் பாதுகாப்புக் கருவி எஞ்சினை நிறுத்திவிடும். மலைப்பாதையில் மாட்டு வண்டி இழுக்கும் காளையின் நுகத்தை யாரோ மூச்சுக்கு ஒருமுறை கழற்றி மாட்டுவது போல என்று மாமா சொன்னார்.

அதைவிடப் பெரிய தொல்லை எரிபொருள் டேங்கின் அடியில் இருந்தது. அமைதியான கடலில் ஆண்டுக்கணக்காக அடியில் படிந்து கிடந்த கசடெல்லாம் குலுக்கலில் கலங்கி மேலே வந்து ஃபில்டர்களை அடைத்துவிட்டது. ஒன்று ஓடும்போது மற்றொன்றைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்ட வேண்டும். வழக்கமாக நாளைக்கு ஒருமுறை செய்யும் வேலையை இருபது நிமிடத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டியிருந்தது. அறையின் வெப்பம் 45 டிகிரி, காலடித் தகடெல்லாம் எண்ணெய், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டால் வேலைக்கு ஒரு கைதான் மிச்சம். 14 மணி நேரம் மூன்று பேர் மாறி மாறி அதைச் செய்தார்கள். ஒருவருக்கு முழங்கை வரை வெந்துவிட்டது.

"நிறுத்திட்டு அப்புறம் சுத்தம் பண்ணியிருக்கலாமே மாமா?" என்று நான் கேட்டேன். பையன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். எஞ்சின் ஓடும்வரைதான் கப்பல் அலையை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு நிற்க முடியும். நின்றுவிட்டால் காற்றும் அலையும் சில நிமிடங்களில் அதைக் குறுக்காகத் திருப்பிவிடும், அதன்பின் ஒவ்வோர் அலையும் விலாவில் விழும் என்று அவனே விளக்கினான். மாமா முதல்முறையாக அவனைப் பார்த்துத் தலையசைத்தார்.

பிறகு இரண்டு கப்பல்களைப் பற்றிச் சொன்னார். 2019 மார்ச் 23 அன்று 1,373 பேரோடு நார்வேக் கரையை ஒட்டிப் போய்க்கொண்டிருந்த வைக்கிங் ஸ்கை என்னும் சொகுசுக் கப்பலின் எஞ்சின்கள் புயலில் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. பாறைகளை நோக்கி அடித்துச் செல்லப்பட்ட கப்பல் நங்கூரத்தின் உதவியாலும், ஓர் எஞ்சின் மீண்டும் உயிர் பெற்றதாலும் தப்பியது. 479 பேரை ஹெலிகாப்டர்களில் தூக்கினார்கள். காரணம், எஞ்சின் சம்புகளில் லூப் ஆயில் என்னும் மசகு எண்ணெயின் மட்டம் இருக்க வேண்டியதைவிடக் குறைவாக இருந்தது. அமைதியான கடலில் அது போதுமானதாகத் தெரிந்தது. கப்பல் ஆடியபோது எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கி, பம்பின் வாய்க்குக் காற்று கிடைத்தது. 2015 அக்டோபர் 1 அன்று ஹ்வாகின் சூறாவளியில் 33 பேரோடு மூழ்கிய எல் ஃபாரோவிலும் கதை இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது: பழைய வானிலைத் தகவலை நம்பிப் புயலுக்கு மிக அருகில் போன கப்பல் காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, மூடாமல் விட்ட ஒரு சிறு ஹேட்ச், அதாவது தளத்துத் திறப்பு, வழியாகச் சரக்கு அறைக்குள் தண்ணீர் இறங்கியது, சாய்வில் லூப் ஆயில் பம்பின் வாயை விட்டு விலகியது, எஞ்சின் நின்றது. ஏறத்தாழ 4,600 மீட்டர் ஆழத்திலிருந்து அடுத்த ஆண்டு எடுத்த பதிவுக் கருவியில் 26 மணி நேரப் பேச்சு அப்படியே இருந்தது.

மாலை ஆறு மணிக்குப் பையன் சம்ப் அளக்கப் போனான். நேற்றுப் போல முணுமுணுக்கவில்லை. நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கும் சம்ப், எஞ்சினின் எண்ணெய்த் தொட்டிக்கும் சம்ப் என்பது அவனுக்கு அப்போது உறைத்திருக்கலாம். எனக்கு இதை எழுதும்போதுதான் உறைத்தது.

மூன்றாம் நாள், சனி

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு அக்கா காலையிலேயே அழைத்தாள். "பயமுறுத்துங்கன்னா பாடம் நடத்துறீங்களா?" என்று கேட்டாள். மாமாவிடம் சொன்னேன். "பயப்பட வேண்டிய எடத்தைத்தானே கண்ணு காட்டுறேன்" என்றார்.

மழை விட்டதால் ஏரிக்குப் போனோம். படகு இல்லத்தில் கூட்டம் குறைவு. மிதிபடகில் ஏறியதும் பையனை எழுந்து நிற்கச் சொன்னார், காவலர் விசில் ஊதியதும் உட்காரச் சொன்னார். நிற்கும்போது படகு எப்படித் தயங்கித் தயங்கிச் சாய்ந்து மெதுவாக நிமிர்ந்தது, உட்கார்ந்ததும் எப்படி வெடுக்கென்று நிமிர்ந்தது என்பதைக் காட்டுவதற்காகத்தான். பாரம் மேலே ஏற ஏறக் கப்பல் சோம்பலாக ஆடும். பயணிகளுக்கு அந்த ஆட்டம் தாலாட்டு மாதிரி சுகமாக இருக்கும், தெரிந்தவனுக்குத்தான் வயிற்றைக் கலக்கும். வெடுக் வெடுக்கென்று ஆடும் கப்பல் பாத்திரங்களை உடைக்கும், கட்டுகளை அறுக்கும், ஆனால் எளிதில் கவிழாது.

ஏரிக்கரைப் பூங்காவில் ஒரு சிறுமி ஊஞ்சலில் நின்றுகொண்டு, யாரும் தள்ளாமலே முழங்காலை மடக்கியும் நிமிர்த்தியும் உயர உயரப் போய்க்கொண்டிருந்தாள். மாமா அங்கேயே நின்றுவிட்டார். பெரிய கன்டெய்னர் கப்பல்களுக்கு நேர்வதும் இதுதான் என்றார். முன்னும் பின்னும் அகன்று விரிந்த அந்தக் கப்பல்களை எதிரலை கடக்கும்போது, தண்ணீரைத் தொடும் பரப்பு ஒரு கணம் விரிந்து மறு கணம் சுருங்குகிறது. கப்பலின் ஓர் ஆட்டத்துக்கு இரண்டு முறை அப்படி நடந்துவிட்டால், அலை முன்னாலிருந்து வந்தாலும் கப்பல் பக்கவாட்டில் ஆடத் தொடங்கி, நான்கைந்து ஆட்டங்களில் 30, 40 டிகிரி வரை சாய்கிறது. 1998 அக்டோபரில் வட பசிபிக்கில் ஏ.பி.எல். சைனா என்னும் கப்பல் இப்படி நூற்றுக்கணக்கான கன்டெய்னர்களைக் கடலில் இழந்த பிறகுதான் இதைப் பலரும் தீவிரமாக ஆராய்ந்தார்கள். கடுமையான ஆட்டத்தால் வந்த இழப்பு அதோடு நிற்கவில்லை: 2020 நவம்பர் 30 அன்று அதே பெருங்கடலில் ஒன் ஏபஸ் என்னும் கப்பலிலிருந்து 1,816 கன்டெய்னர்கள் சரிந்து விழுந்தன. சிறுமியின் அம்மா எங்களைச் சந்தேகமாகப் பார்க்கத் தொடங்கியதால் நகர்ந்தோம்.

திரும்பும் வழியில் சாலையோரம் வெட்டுப்பட்டிருந்த சிவப்பு மண்ணைக் காலி பெயின்ட் டப்பாவில் பாதிக்கு அள்ளிக்கொண்டார். சேர்வராயன் மலை பாக்சைட் மலை. இங்கே வெட்டிய பாக்சைட் மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் போனதை என் சிறுவயதில் லாரிகளின் சிவப்புத் தூசியாகவே அறிவேன். வீட்டுக்கு வந்ததும் அந்த ஈர மண் டப்பாவைத் துவைக்கும் கல்லின் மேல் ஓங்கி ஓங்கித் தட்டச் சொன்னார். இருபத்தைந்து தட்டு. முதலில் கையால் பிடித்தால் உதிர்ந்த மண், தட்டி முடித்தபோது மேலே பளபளவென்று தண்ணீர் கசிந்து, கூழாகத் தளும்பிக்கொண்டிருந்தது. நாங்கள் தண்ணீர் எதுவும் ஊற்றவில்லை. எல்லாம் மண்ணுக்குள்ளேயே இருந்த ஈரம்.

2015 ஜனவரி 2 அன்று, மலேசியாவின் குவாந்தான் துறைமுகத்தில் மழைக்காலத்தில் 46,400 டன் பாக்சைட் ஏற்றிய பல்க் ஜூபிடர் என்னும் கப்பல் வியட்நாமுக்கு அப்பால் கவிழ்ந்தது. 19 பேரில் 18 பேர் இறந்தார்கள், பிழைத்தவர் சமையல்காரர். எஞ்சினின் அதிர்வும் அலையின் குலுக்கலும் சேர்ந்து, ஈரமான நுண்துகள்களைச் சேறாக மாற்ற, அது ஒரு பக்கம் சாயும்போது அந்தப் பக்கமே தங்கிவிடுகிறது. அடுத்த ஆட்டத்தில் இன்னும் கொஞ்சம். அதுவரை பாக்சைட்டை இப்படிக் குழம்பக்கூடிய சரக்காக விதிப்புத்தகம் கருதவே இல்லை. நம் ஊரிலும் 2009 மழைக்காலத்தில் இரும்புத்தாதுத் துகளை ஏற்றிய ஏஷியன் ஃபாரஸ்ட் மங்களூருக்கு அப்பாலும், பிளாக் ரோஸ் பாரதீப்புக்கு அப்பாலும் மூழ்கின. டப்பாவில் தட்டிப் பார்ப்பது கப்பல்காரர்கள் இன்றும் செய்யும் சோதனைதான். கூழாகிவிட்டால் ஏற்றாதே என்று சொல்ல அது போதும், ஆகவில்லை என்பதற்காக ஏற்றிவிடலாம் என்று அர்த்தமில்லை என்று இரண்டு முறை சொன்னார்.

இரவு சாப்பாட்டின்போது பையன் ஒரு கேள்வி கேட்டான். "அப்படின்னா எல்லாமே யாராவது அசட்டையா இருந்ததாலதானா தாத்தா?"

மாமாவின் முகம் மாறிவிட்டது. டெர்பிஷயர் என்று ஒரு பெயரைச் சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். 294 மீட்டர் நீளமுள்ள பிரிட்டிஷ் தாதுக் கப்பல் அது. 1980 செப்டம்பரில் ஜப்பானுக்குத் தெற்கே ஆர்க்கிட் என்னும் சூறாவளியில், ஓர் அபாய அழைப்புகூட விடுக்காமல் 44 பேரோடு மறைந்தது. இறந்தவர்களின் குடும்பங்கள் விடாமல் போராடி 1994-இல் சிதைவைக் கண்டுபிடிக்கச் செய்தன. முன்தளத்தில் ஒரு மூடியைச் சரியாகக் கட்டாமல் விட்டது மாலுமிகளின் தவறு என்று 1998-இல் ஓர் அறிக்கை எழுதியது. 2000-இல் நடந்த மறுவிசாரணை அதை மறுத்தது: முன்தளத்தின் காற்றுக்குழாய்களை அலைகள் முறித்துவிட, அவற்றின் வழியாக மூக்குப் பகுதி பல மணி நேரமாக நிரம்பிக் கீழே இறங்கியிருக்கிறது, கடைசியில் மேலேறிய அலையின் பாரம் தாங்காமல் முதல் ஹேட்ச் மூடி நொறுங்கியது. விதிப்படி கட்டிய மூடிதான், விதியே போதவில்லை.

"செத்தவன் மேல பழி போடறது சுலபம், அவன் வந்து பதில் சொல்ல மாட்டான்" என்றார். அத்தை மோர் ஊற்றப் போனார். மாமா கையால் மறித்துவிட்டு எழுந்துபோய்விட்டார். 34 ஆண்டுகளில் அவரோடு வேலை பார்த்தவர்களில் எத்தனை பேர் கரை திரும்பவில்லை என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நான்காம் நாள், ஞாயிறு, சேலம்

வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் என்று காலைச் செய்தியில் சொன்னார்கள். நாகப்பட்டினத்தில் ஒன்றாம் எண் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள். நாம் அந்த எண்ணைக் கேட்டவுடன் பள்ளிக்கு விடுமுறையா என்று பார்ப்பவர்கள். மாமா பையனை முற்றத்துக்கு அழைத்துப்போய்க் காற்றைப் பார்த்து நிற்கச் சொன்னார். நில நடுக்கோட்டுக்கு வடக்கே அப்படி நின்றால் புயலின் மையம் வலது கைப்பக்கம், சற்றுப் பின்னால் இருக்கும். புயல் போகும் திசைக்கு வலப்புறப் பாதியில் அகப்பட்ட கப்பலுக்குத்தான் ஆபத்து அதிகம். அங்கே புயலின் நடையும் காற்றோடு சேர்ந்துகொள்ளும், கப்பலைப் புயலின் பாதைக்கே தள்ளும். சூறாவளிக்கு சைக்ளோன் என்று 1848-இல் பெயர் வைத்த ஹென்றி பிடிங்டன் கல்கத்தாவில் இருந்துகொண்டு, வங்கக் கடலில் அடிபட்டு வந்த கப்பல்களின் குறிப்பேடுகளைச் சேர்த்துத்தான் இந்தச் சுழற்சியைப் படித்தார். சுருண்ட பாம்பு அவர் மனதில் இருந்திருக்கிறது. இதெல்லாம் பிரிட்ஜில், அதாவது கப்பலைச் செலுத்தும் மேல் அறையில், நிற்பவர்களின் வேலை, ஆனாலும் கீழே இருப்பவனுக்கு மேலே என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும் என்றார்.

கடலுக்குப் போகாதே என்று நான்கு நாட்களில் ஒருமுறைகூட அவர் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. பேருந்து நிறுத்தத்தில், கப்பலில் ஏறியதும் இருட்டில் கையால் தடவியே எஞ்சின் ரூமிலிருந்து மேல்தளத்துக்கு வரும் வழியைப் பழகிக்கொள், அதன்பிறகு பெட்டியைப் பிரி என்று மட்டும் சொன்னார்.

இறங்கும்போது பையனுக்குக் குமட்டவில்லை. எனக்குத்தான் ஒன்பதாவது வளைவில் தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அக்கா என் முகத்தைப் பார்த்தாள், நான் தட்டுவடைப் பொட்டலம் தீர்ந்த கதையைச் சொல்லிச் சமாளித்தேன். காப்பி கலந்து எடுத்து வருவதற்குள் பையனைக் காணோம். மாடியில் சத்தம் கேட்டு இருவரும் ஏறிப் போனோம். தண்ணீர்த் தொட்டியின் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, ஒட்டடைக் குச்சியைத் தலைகீழாக உள்ளே விட்டுக்கொண்டிருந்தான்.

"அங்க என்னடா பண்ற?" என்றாள் அக்கா.

"மணி ஆறும்மா" என்றான்.